ஒரு கூறு அதிகம்

பயம் பிடித்தால் ஜஸ்ரினுக்கு வாய் நிற்காது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோவை நிறுத்தியதிலிருந்து அவன் வாய் ஓயவேயில்லை.

"அக்கா, அந்தப் பொலிஸ்காரர் நிக்கிற நிலையைப் பாருங்கோ. பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போக வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி."

சப்னா சிரிக்கவில்லை. பல வருஷம் காப்புறுதிக் கொம்பனிக்காகப் பொய் பிடித்துத் திரிந்துவிட்டு, இப்போது சோனகத் தெருவில் சொந்தமாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவள் அவள். அவளுடைய ஓட்டோக்காரனும் உதவியாளனும் சிரிப்புக்காரனும் ஜஸ்ரின்தான். ஆனால் இன்றைய வழக்கில் அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு வரவில்லை. வாசல் வாங்குப் பலகையில் குந்தியிருந்த சின்னத்தங்கம் அவனுடைய ஊர்க்காரி. குருநகரில் அவள் கையால் மீன் குழம்பு தின்னாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு.

அவளைத்தான் பின்னேரம் பொலிஸ் ஏற்றப்போகிறது. புருஷனைக் கொல்லப் பார்த்தாளாம்.

சங்கதி இதுதான். அவள் புருஷன் பிலிப்புவுக்கு இலேசான சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஆனால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் கிளினிக்கில் எல்லாக் குளிசை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். வாய்க்கட்டுப்பாடு மட்டும்தான். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலை முற்றத்தில் சுருண்டு விழுந்தார். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினால் கண் முழிக்கிறார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இறங்குகிறது. சீனியை இறக்குகிற ஏதோ ஒன்று வெளியிலிருந்து உடம்புக்குள் போயிருக்கிறது என்றார்கள் வாட்டு டொக்டர்மார். சின்னத்தங்கம் தனக்காக இன்சுலின் ஊசி போடுகிறவள். ஊசி மருந்து அவள் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தது. பொலிசுக்கு வேறென்ன வேணும்?

"யூசுப் நானாவின்ரை மகளெல்லோ நீ," என்றாள் சின்னத்தங்கம், சப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "உன்ரை வாப்பாவின்ரை இரும்புக் கடையிலைதான் இவர் நங்கூரம் வாங்கினவர். நான் செய்யேல்லைப் பிள்ளை."

"தெரியும் அக்கா. நேற்றுக் காலமை தொடக்கம் உங்களை வாட்டுக்குள்ளை விடேல்லை, என்ன?"

"ஓம். வாசல்லை நிண்டு எட்டிப் பாக்கிறதோடை சரி."

"இண்டைக்கு மத்தியானம் அவருக்குத் திரும்பவும் இறங்கியிருக்கு."

"அப்ப மாமி ஜன்னலாலை ஊசியை எறிஞ்சிருக்கிறா," என்றான் ஜஸ்ரின். "ஈட்டி எறிதலிலை பள்ளிக்கூடத்திலை முதலிடம்."

"பொலிசிட்டை அதுக்கும் மறுமொழி இருக்கு," என்றாள் சப்னா. "பழுதான சிறுநீரகமெண்டால் முந்திப் போட்ட ஊசியே கனநேரம் நிக்குமாம். அக்கா, இண்டைக்கு அவருக்குச் சாப்பாடு ஆர் குடுத்தது?"

"எங்கடை வலைக்காரர்தான், இவரோடை ஒரே வள்ளத்திலை போறவை. மரியரட்ணம் அண்ணை கஞ்சி கொண்டு போனவர். தலையைத் தூக்கிப் பிடிச்சு, பச்சைப்பிள்ளைக்குப் பருக்கிற மாதிரிப் பருக்கினவர்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "வருத்தமாக் கிடந்த நாள் தொட்டு அந்த மனுசன் வராத நாளில்லை."

"அந்த வலைக்காரரிலை ஆருக்கும் சீனி இருக்கோ?"

ஜஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கடை வலையிலை மீனைவிடச் சீனிதான் கூட அக்கா. எல்லாக் கிழடுகளும் கொக்குவில் குளிசை ஆராய்ச்சியிலை நிக்கினம்."

"இவரும் போனவர்," என்றாள் சின்னத்தங்கம். "சிறுநீரகத்தைச் சோதிச்சுப்போட்டு இவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டினம். அண்டைக்கு அழுதவர் பிள்ளை. எல்லாரையும் ஏத்திக்கொண்டு என்னை மட்டும் கரையிலை விட்டிட்டாங்கள் எண்டு."

சப்னா எழுந்தாள். "ஜஸ்ரின், கொக்குவிலுக்கு விடு."

*

ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அது ரயில் பாதைக்குப் பக்கத்தில் மதில் சூழ்ந்த ஒரு வாடகை வீடுதான். முன்னறையில் இருந்த டொக்டர் சிவதர்ஷன் வெளிநாட்டில் படித்து, வேலையையும் விட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். சீனி வருத்தத்துக்கு ஒரு புதுக் குளிசை. அது நம்முடைய சனத்துக்குச் சரிவருமா என்று அறிவதுதான் அவருடைய மூன்று வருஷப் பாடு. நித்திரை கண்டு பல நாளான முகம்.

"அரைவாசிப் பேருக்கு உண்மைக் குளிசை, அரைவாசிப் பேருக்கு வெறும் மாக்குளிசை," என்று விளங்கப்படுத்தினார். "பார்வைக்கு ரெண்டும் ஒண்டு. ஆருக்கு எது எண்டு அவைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதலாம் கூட்டம், ரெண்டாம் கூட்டம் எண்டுதான் கணக்கு."

"சீட்டுக் குலுக்கிற மாதிரி," என்றான் ஜஸ்ரின். "ஆனால் பரிசு விழுந்ததோ இல்லையோ எண்டு கடைசி மட்டும் சொல்ல மாட்டியள்."

"உலகம் முழுக்க இப்பிடித்தான் செய்யிறவை. இல்லாட்டி மருந்து வேலை செய்ததோ, மனம் வேலை செய்ததோ எண்டு தெரியாமல் போயிடும்."

"குருநகர் ஆக்கள் எப்பிடி?" என்று கேட்டாள் சப்னா.

டொக்டர் நெற்றியைத் தேய்த்தார். "அந்த ஊராலைதான் எல்லாம் குழம்புது. மற்ற இடமெல்லாம் ஒரு கூட்டத்துக்குச் சீனி நல்லாக் குறையுது, மற்றக் கூட்டத்துக்கு அசையேல்லை. குருநகரிலை மட்டும் ரெண்டு கூட்டமும் இரட்டைப்பிள்ளையள் மாதிரி. ரெண்டுக்கும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ரெண்டுக்கும் போதாமல் குறைஞ்சிருக்கு. இத்தனைக்கும் அவைதான் ஆகத் திறமான ஆக்கள். ஒரு குளிசை தப்பாமல் முடிச்சு, வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து தருவினம்."

"போத்தலுகளைப் பாக்கலாமோ?"

பின்னறைத் தட்டுகளில் ஊர் ஊராகப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. அந்த நேரம் பார்த்து ரயில் போனது. அத்தனை போத்தலும் கலகலவென்று ஒன்றோடொன்று மோதின. சப்னா சுன்னாகம் பக்கத்துப் போத்தல் ஒன்றை எடுத்தாள். சுற்றியிருந்த தாளில் செம்மண் பெருவிரல் அடையாளம். எழுத்து அரைவாசி அழிந்திருந்தது. மூடி விளிம்பில் மஞ்சள். அதை வைத்துவிட்டுக் குருநகர்ப் போத்தலை எடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் நேற்றுப் பெட்டியிலிருந்து இறக்கியது போலப் பளிச்சென்று இருந்தன.

"மீன் வெட்டுற கையும் வலை இழுக்கிற கையும் ஒவ்வொரு நாளும் தொட்ட போத்தல் இப்பிடி இருக்குமோ டொக்டர்?"

"நல்ல துப்புரவான சனம்," என்றார் அவர், கொஞ்சம் பெருமையாக.

"டொக்டர், நான் குருநகரிலை பிறந்தனான்," என்றான் ஜஸ்ரின். "எங்கடை காசுத்தாளை மணந்து பாத்தாலே பூனை பின்னாலை வரும்."

சப்னா மூடியைத் திருகித் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை. "இது ஒவ்வொரு நாளும் திறந்த போத்தல் இல்லை. ஒரே ஒரு தரம் திறந்து, கவிட்டுக் கொட்டிப்போட்டு மூடி வைச்ச போத்தல்."

"கொட்டினதெண்டால்... எங்கை?"

"அது பிறகு. உங்கடை உண்மைக் குளிசை பிலிப்பு மாதிரிச் சிறுநீரகம் பழுதான ஆளுக்குப் போனால் என்ன நடக்கும்?"

டொக்டரின் முகம் வெளிறியது. "உடம்பை விட்டுப் போகாது. நாள்க்கணக்கா நிண்டு சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் மட்டும் ஏத்திச் சரிவராது. அதுக்கு வேறை மருந்து இருக்கு. அது குடுக்காட்டி..." அவர் முடிக்கவில்லை. "ஆனால் அவருக்கு எங்கடை குளிசை போக வழியே இல்லை! நாங்கள்தானே அவரை வேண்டாமெண்டது."

"இப்ப வாட்டுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது? அவை ஊசி எண்டு நம்பி வைத்தியம் பாக்கினம். இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கு, மறுமொழி வர நாளெடுக்கும். வெறும் ஊகத்தைச் சொல்லி மருந்தை மாத்தேலாது. அந்த வீட்டுப் பக்கத்திலை எங்கடை குளிசை போய்வந்ததுக்கு ஒரு அடையாளம்... ஒரேயொரு குளிசை காட்டுங்கோ, நானே ஓடிப் போய்க் கதைக்கிறன்."

ஒரேயொரு குளிசை. பின்னேரத்துக்குள். ஜஸ்ரின் ஓட்டோவைக் கிளப்பினான்.

*

அவர்கள் துறைக்கு வந்தபோது வள்ளம் கரை சேர்ந்திருந்தது. விரித்த சாக்கில் மீன் பங்கு பிரித்துக் கூறு கூறாகக் கிடந்தது. சுற்றிவரக் கிழவர்கள். நடுவில் குந்தியிருந்தவர் மரியரட்ணம். பெரிய தோள்; சிறிய குரல். வலையில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"மரியரட்ணம் அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும்," என்றாள் சப்னா. "டொக்டர் தந்த குளிசையை வேறை ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"இல்லை." அவர் நிமிரவில்லை. "குடுக்க மாட்டம் எண்டு கையெழுத்து வைச்சுத் தந்தனாங்கள்."

"பிலிப்பு அண்ணைக்கு?"

"அவனுக்குச் சின்னத்தங்கம் ஊசி போட்டதெண்டு ஊரே கதைக்குது. எங்களிட்டை ஏன் வாறியள்?"

மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். சப்னா கொஞ்சம் விலகி வந்தாள். ஜஸ்ரின் அவள் காதோடு சொன்னான்:

"அக்கா, மனுசன் பொய் சொல்லுது. மழை பெய்யுதோ எண்டு கேட்டாலும் அந்தோனியாராணை எண்டு சத்தியம் பண்ணிறவர். இண்டைக்கு அந்தோனியாரை இழுக்கவேயில்லை."

"அவர் பொய்க்கு அந்தோனியாரைக் கூப்பிட மாட்டார், அவ்வளவுதான்." சப்னாவின் கண் சாக்கிலேயே இருந்தது. "ஜஸ்ரின், அங்கை பார். ஆக்களின்ரை தலையைவிடக் கூறு கூடக் கிடக்குது."

"அதுதானே வழமை. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அந்தோனியாருக்கு ஒண்டு, வருத்தமாக் கிடக்கிற ஆளுக்கு..."

அவன் வாய் அப்படியே நின்றது.

சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி. அப்பா காய்ச்சலில் கிடந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் வீட்டு வாசலுக்கு மீன் வந்தது. கடலுக்குப் போனவன், போக முடியாமல் படுத்தவன் என்று அங்கே பேதமில்லை. அதனால்தான், கண்ணுக்கு முன்னால் கிடந்தும் அவனுக்கு அது தெரியாமல் போயிற்று. தெரிந்த இந்த நிமிஷத்தில், தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. இது அவனுடைய சனம்.

"அக்கா... குளிசையையும் பங்கு போட்டிருக்கினம்."

"ஓம். ஆனால் அவையின்ரை குளிசை அவையின்ரை வயித்துக்குள்ளை. வாயைத் திறக்கவும் மாட்டினம். எனக்கு ஒரு குளிசை வேணும்." சப்னா விரலை மடக்கினாள். "வள்ளமும் வலையும் குளிசை விழுங்காது."

"அந்தோனியாருக்குச் சீனியும் இல்லை."

"பிலிப்பு அண்ணையின்ரை கூறு அந்தா. அதுக்குப் பக்கத்திலை இன்னும் ஒரு கூறு அதிகமாக் கிடக்குது. அது ஆரின்ரை?"

ஜஸ்ரின் அந்தக் கூறைப் பார்த்தான். "றஞ்சித்தின்ரை. என்னோடை படிச்சவன். சின்ன வயசிலேயே சீனி வந்து, அவனும் ஆராய்ச்சியிலை நிண்டவன். போன மாரியிலை கடலோடை போயிட்டான். பெண்சாதி ஷெரோனுக்குப் பங்கு போகுது... அக்கா, அவளுக்குச் சீனி இல்லை! அவள் அதைத் திண்டிருந்தால்?"

அவர்கள் ஓடினார்கள்.

*

கோவிலடி ஒழுங்கையில் ஒரு அறை வீடு. கதவு திறந்தே கிடந்தது. ஜஸ்ரின் கூப்பிட்ட குரலில் பக்கத்து வீட்டு நாயும் எழுந்து நின்றது.

"ஷெரோன்! எடி ஷெரோன்!"

அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி குசினியிலிருந்து வந்தாள். "என்ன ஜஸ்ரின் அண்ணை, வீடு பத்தி எரியுதோ?"

உயிரோடு இருந்தாள். கண் தெளிவாக, கால் தள்ளாடாமல். ஜஸ்ரின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மரியரட்ணம் அண்ணை மீனோடை உங்களுக்குக் குளிசை தந்தவரோ?" என்று சப்னா மெல்லக் கேட்டாள்.

ஷெரோனின் முகம் மாறியது. சுவரைப் பார்த்தாள். அங்கே மாதா படத்துக்குக் கீழே றஞ்சித்தின் படம். கலியாணத்துக்கு எடுத்தது, கோட்டுக்குள் மூச்சுமுட்டிச் சிரிக்கிறான். படத்துக்கு முன்னால் அணைந்த மெழுகுதிரி. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். கிளாசுக்குள் பாதிவரை, சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள்.

"அவரின்ரை பங்கு எண்டு தாறவை," என்றாள் ஷெரோன். "மீனைக் காய்ச்சிப் பிள்ளைக்குக் குடுப்பன். இது அவரின்ரை வருத்தத்துக்கு வந்தது. நான் எப்பிடித் தின்னுறது? எறியவும் மனம் வரேல்லை. இஞ்சை வைச்சால் வந்து எடுப்பார் எண்டு... இல்லை, எடுக்கமாட்டார், தெரியும். எண்டாலும் வைச்சன்."

 ஜஸ்ரின் றஞ்சித்தின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான்.

"இதை நான் கொண்டு போகோணும் தங்கச்சி," என்றாள் சப்னா. "பிலிப்பு அண்ணையின்ரை உயிர் இதுக்குள்ளைதான் கிடக்குது."

"சின்னத்தங்கம் மாமியைப் பிடிக்க மாட்டினமோ?"

"மாட்டினம்."

ஷெரோன் கிளாசை எடுத்து, குளிசைகளைச் சப்னா விரித்த கைலேஞ்சித் துணிக்குள் கொட்டினாள். ஒன்றும் தங்கிவிடாதபடி கிளாசைத் தட்டினாள். "கிளாஸ் மட்டும் இஞ்சை இருக்கட்டும்," என்றாள். வெறும் கிளாசைத் திரும்பவும் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

*

துறையில் மரியரட்ணம் அதே இடத்தில் இருந்தார்.  சப்னா கைலேஞ்சியை அவர் முன்னால் அவிழ்த்தாள், அவ்வளவுதான்.

கிழவர் ஒரு குளிசையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அரைவாசி வெறும் மா எண்டு டொக்டர்தான் சொன்னவர்," என்றார் கடைசியில். "ஆருக்கு மருந்து, ஆருக்கு மா எண்டு தனக்கே தெரியாதாம். ஒருத்தன் மீனோடையும் ஒருத்தன் வெறுங்கையோடையும் வீட்டை போறது எங்கடை துறையிலை இல்லைப் பிள்ளை. எல்லாரின்ரை போத்தலையும் ஒரு வாளியிலை கொட்டிக் கலந்தம். பங்கு போட்டம். பிலிப்புவைக் கரையிலை விட எங்களுக்கு மனம் வரேல்லை. சின்னத்தங்கம் பேசுவாள் எண்டு, அவள் காணாமல் அவன்ரை கையுக்குள்ளை வைச்சிட்டு வருவன்."

"பிலிப்பு அண்ணை வாங்கித் திண்டவரோ?"

"பங்கெண்டு குடுத்தால் ஆர் வேண்டாமெண்டுவான்?"

"அவர் விழுந்த பிறகும் குடுத்தனீங்களோ?" ஜஸ்ரின்தான் கேட்டான். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதென்று நினைத்தான்.

"விழுந்த பிறகுதான் தம்பி கூடக் குடுத்தனான். என்ரை பங்கையும் சேத்து. கஞ்சிக்குள்ளை கரைச்சு, என்ரை கையாலை..." மரியரட்ணத்தின் பெரிய கை அந்தரத்தில் நின்றது. அதையே பார்த்தார். "அப்ப... நானோ?"

 காகம் ஒன்று பிலிப்புவின் கூறைக் கொத்தியது, விரட்ட ஆளில்லை.

"உயிர் இன்னும் கிடக்குது அண்ணை," என்றாள் சப்னா. "இப்ப சொன்னதை டொக்டருக்கு உங்கடை வாயாலை சொல்லோணும். ஓட்டோவிலை ஏறுங்கோ."

ஜஸ்ரின் அவரைத் தாங்கி எழுப்பினான். வலை இழுத்த உடம்பு, பஞ்சுமூட்டை போல வந்தது.

*

குளிசையைப் பார்த்ததும் சிவதர்ஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாட்டுக்குள் ஓடிப்போய்க் கதைத்தார். வேறு மருந்து ஏறியது. இருட்டுப்பட முன் பொலிஸ் ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது. மன்னிப்பென்று ஒரு சொல் இல்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் பொம்பிளை இல்லாமல் போகினம்," என்றான் ஜஸ்ரின், ஆனால் சத்தமில்லாமல்.

நடையில் டொக்டர் சுவரோடு சாய்ந்து நின்றார். குருநகர்க் கணக்கு முழுவதும் போயிற்று. மூன்று வருஷத்தில் ஒரு பெரிய துண்டு. "நான் எல்லாருக்கும் வடிவாத்தானே விளங்கப்படுத்தினனான்," என்றார்.

"விளங்கினபடியால்தான், டொக்டர், அவை கலந்தவை," என்றாள் சப்னா.

பிலிப்புவின் சீனி அன்றிரவு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மத்தியானம் சின்னத்தங்கத்தை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலோரம் இருந்தபோது மரியரட்ணம் வாசலில் வந்து நின்றார். இரண்டு கையாலும் சாப்பாட்டுக் கரியரைப் பிடித்திருந்தார். உள்ளே வரக் கால் எழவில்லை. ஜஸ்ரின் வாங்கிக் கொடுக்கக் கை நீட்டினான். சின்னத்தங்கம் தானே எழுந்துபோய் வாங்கினாள். பங்கு வந்தால் வாங்காமல் விட அவளுக்கும் தெரியாது.

மூடியைத் திறந்தாள். மீன் கஞ்சி, ஆவி பறந்தது. கரண்டியை விட்டு அடிவரை மெல்லத் துழாவினாள். ஒருமுறை துழாவி முடித்துவிட்டு, திரும்பவும் துழாவினாள். வாசலில் நின்ற கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னப்பா தேடுறாய்?" பிலிப்புவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முள்ளோ?"

சின்னத்தங்கம் வாசலைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "முள்ளுத்தான் பாக்கிறன்."